இரண்டு பாடங்களும் ஒரு மாமாவும்

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர் மேல் தப்பில்லை. நான் விளக்கி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிடும், இல்லை கோப்பி ஆறிவிடும். குற்றவியலும் உளவியலும் என்று தமிழில் சொன்னால், ஈப்போவில் நாங்கள் இருந்த ஜெலாப்பாங்கில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. மலாயில் சொன்னால், பாதிப் பேர் நான் போலீஸில் சேரப்போவதாகவும் மீதிப் பேர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகப்போவதாகவும் முடிவுகட்டினார்கள். அம்மா தான் வேலை செய்த துணி ஆலையில், "எம் மவ சைக்கிள் லோஜி படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு விடுமுறையில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வாசல் காவலாளி தன் சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றுகொள்கிறது, என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். அவரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். எண்ணெய் போட்டுப் பாருங்கள் என்றேன்.

எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நான் கேட்டது ஆசிரியர் படிப்பு. வந்தது உளவியல். அதோடு இன்னொரு பாடம் சேர்த்து எடுக்கவேண்டும் என்றார்கள். பதிவு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் குற்றவியல் எடுத்தாள், எனக்கும் அந்தச் சொல் கேட்க நன்றாக இருந்தது, எடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அவள் பொருளாதாரத்துக்கு மாறிப் போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

உளவியல் வகுப்பு ஒரு மேட்டில். குற்றவியல் வகுப்பு அதற்கு எதிர்மேட்டில். நடுவில் ஒரு பள்ளம், அதில் எப்போதும் சேறு. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஓடிப்போய் வியர்வையோடு உட்கார்ந்தால், முந்தைய வகுப்பில் கேட்டதையெல்லாம் அழித்துவிடும்படி அங்கே பாடம் நடக்கும். உளவியல் விரிவுரையாளர் ஓர் அம்மையார். மெதுவாகப் பேசுவார், சேலை மடிப்புக் கலையாது. ஒருவன் திருடுகிறான் என்றால் அவனுக்குள்ளே பார் என்பார்: அவன் சிறுவயது, அவன் பயம், அவன் கோபம். குற்றவியல் விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுண்ணக்கட்டி உடையும் அளவுக்குக் கரும்பலகையைக் குத்துவார். ஒருவன் திருடுகிறான் என்றால் அவனைச் சுற்றிப் பார் என்பார்: அவன் கூலி, அவன் குடியிருக்கும் இடம், சட்டத்தை எழுதியவன் யார். அம்மையாரிடம் கூலியைப் பற்றிக் கேட்டால் "அது எதிர்மேட்டுக் கேள்வி" என்று சிரிப்பார். இவரிடம் கோபத்தைப் பற்றிக் கேட்டால், "கோபம் எல்லாருக்கும் இருக்கு, ஏன் ஏழை மட்டும் ஜெயிலுக்குப் போறான்?" என்று என்னையே குற்றவாளி மாதிரி நிற்கவைப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். இரண்டு பேரும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித் தொலைத்திருந்தால் என்னைப்போல் பள்ளத்தில் ஓடுகிறவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டு பாடமும் எடுத்தவர்கள் ஒரே கட்டுரை எழுதி இரண்டு பேரிடமும் கொடுக்கலாம். எப்போதாவது சட்டத்தை மீறித் தண்டனை பெற்ற ஒருவரை நீண்ட விடுமுறையில் பலமுறை சந்தித்து, அவர் ஏன் அதைச் செய்தார் என்று எழுதவேண்டும். பெயர் போடக்கூடாது.

எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார், அம்மாவின் அண்ணன்.

பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் எல்லாரும் இருந்தோம். நான் ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். லயத்து வரிசைவீட்டுச் சனமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போனது. நாங்களும் இன்னும் சில குடும்பங்களும் ஈப்போவுக்கு வந்து ஜெலாப்பாங்கில் ஒண்டினோம். தோட்டம் விற்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா சில மாதம் காணாமல் போயிருந்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். ஒட்டுப்பால், அதாவது மரப்பட்டையிலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர், அதை மூட்டை கட்டி வெளியே விற்றதற்காக உள்ளே இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். திரும்பி வந்த மாமா சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். மரப்பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. கோழிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தான் ஒரு காலத்தில் புலியைக் காலால் உதைத்த கதையைச் சொல்வார். அது ஒருமுறை புலி, ஒருமுறை கரடி. தம்பி தங்கைகள் திருத்தினால், "ரெண்டும்தான்லா" என்பார்.

இந்த மனிதரைத்தான் நான் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தேன். இப்போது எழுதும்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அம்மாவிடம் ஈப்போ நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லகாட் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சீனர் கோப்பிக்கடையின் பின்மேசைதான் மாமாவின் இடம். நான் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவருக்கோ முகம் முழுக்கச் சந்தோஷம்.

"என்னையப் பத்தியா? யூனிவர்சிட்டில படிப்பாங்களா?"

"பேரு போடமாட்டேன், மாமா."

"ஏன் போடமாட்டே? போடு பாப்பா. எழுத்துப்பிழ இல்லாம போடு."

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் அரிசி இல்லை என்றார். தன் அப்பா காய்ச்சலில் கிடந்தார், தங்கச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, பிரசவம் நெருங்கியிருந்தது, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்டால் விரட்டிவிட்டான், வேறு வழியில்லாமல் ஒரு மூட்டை எடுத்தேன் என்று கண்கலங்கச் சொன்னார். எனக்கும் கலங்கியது. பஸ்ஸில் வரும்போது எழுதிக்கொண்டே வந்தேன். எதிர்மேட்டு விரிவுரையாளருக்கு இது கரும்பு மாதிரி இனிக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான், மாமா பிடிபட்ட சமயத்தில் அம்மாவின் கடைசிப் பிரசவம் நடந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது தெரிந்தது.

அடுத்தமுறை அதைக் கேட்டேன். கொஞ்சமும் கலங்கவில்லை.

"அது சும்மா சொன்னது. நெசம் வேற. வேல வாங்குற மண்டோருக்கும் எனக்கும் ஆவாது. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாரு முன்னாடியும் நிக்கவச்சு என் அம்மாவப் பேசிட்டான். அன்னைக்கு உள்ள ஒண்ணு எரிஞ்சிச்சு பாரு, அத அணைக்கத்தான் எடுத்தேன். ஒட்டுப்பாலு எனக்கு எதுக்கு? அவன் கணக்குல கொறையணும். அவ்வளவுதான்."

இது அம்மையாருக்குப் பிடிக்கும். உள்ளே எரிந்தது என்ற வார்த்தையை நான் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டேன். மூன்றாம் சந்திப்பில், எரியவுமில்லை அணையவுமில்லை, கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், போனேன் என்றார். கெட்ட சேர்க்கை பற்றி எங்களுக்கு ஒரு முழுப் பாடமே இருந்தது. அதற்கடுத்த முறை, தோட்டத்தையே விற்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது, நாம் வளர்த்த மரம், யாரோ ஒரு தவ்க்கே முதலாளி வந்து எடுத்துக்கொள்வதற்கு முன்னால் நாமே எடுத்துக்கொண்டால் அது எப்படித் திருட்டு என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கும் ஒரு பாடம் இருந்தது.

"மாமா, நாலு காரணம் சொல்லியாச்சு. எது உண்மை?"

கோப்பியை உறிஞ்சிவிட்டு அவர் கேட்டார்: "உனக்கு எது வேணும்?"

மேசையைத் தட்டிவிட்டு எழுந்துபோயிருக்க வேண்டும். போகவில்லை. கட்டுரை கொடுக்கவேண்டுமே. ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரவைத்து முழுதையும் வரிசையாகக் கேட்டேன். எந்த வழியாகப் போனீர்கள், யார் பார்த்தது, மாத்தா போலீஸ்காரர்கள் எப்போது வந்தார்கள், லோக்காப்பில் என்ன சாப்பிட்டீர்கள், கோர்ட்டில் என்ன கேட்டார்கள். நேராகச் சொன்னது லோக்காப் சாப்பாட்டை மட்டும்தான். கருவாடு. மிச்சமெல்லாம் ஆற்றில் விழுந்த எண்ணெய் மாதிரி வளைந்து வளைந்து போனது. தலைவலியோடு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரே அமளி. கோயிலின் குழாய் ஸ்பீக்கரைக் காணவில்லை. திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பந்தல்கால்கூட நட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் கூட்டிப் பெருக்க வந்த அக்கா கம்பத்தில் அது இருந்ததைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் விளக்கேற்ற வந்தபோது வெறும் கம்பி தொங்கியிருக்கிறது.

மத்தியானம் கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆலையில் மேற்பார்வையாளர். தாமானில் எந்தத் தகராறு என்றாலும் அவர்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அப்பா லாரியில் ஜொகூர் போயிருந்தார். தலைவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஆளப் புடிச்சாச்சு. விசாரிக்கணும். நீ வந்து கூட உக்காரு. நீ படிக்கிறது இதானே?"

"இல்லண்ணே, நான் படிக்கிறது..."

"மூஞ்சியப் பாத்தே பொய்யி, நெசம்னு சொல்லிடலாமாமே?"

"அப்படியெல்லாம் முடியாதுண்ணே. எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போடல."

"அப்ப எதுக்கு அங்க போயி ரெண்டு வருஷம் ஒக்காந்திருக்கே?"

அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி. போயி ரெண்டு வார்த்த பேசிட்டு வா. கோயில் காரியம்." அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூடவே வந்தாள். மகள் நீதிபதி மாதிரி உட்காருவதைப் பார்க்க அவளுக்கு ஆசை.

கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில், கையில் ஆரஞ்சுத் தண்ணீரோடு, மாமா உட்கார்ந்திருந்தார்.

அம்மா "ஐயோ அண்ணே" என்றாள். மாமா எங்களைப் பார்த்து, ஏதோ கல்யாண வீட்டில் பந்தியில் பார்த்தது மாதிரி தலையாட்டினார்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கோயில் பக்கம் நின்று அந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து, "நல்ல சாமான், வித்தா போவும்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவரைக் காலையிலேயே வழியில் பிடித்துவிட்டார்கள். தோட்டத்துக் கதையும் எல்லாருக்கும் தெரியும். அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே லயத்திலிருந்து வந்தவர்கள்தான். சிங்கப்பூர் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த ஊர்.

தலைவர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். உட்காரமாட்டேன் என்றேன். தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சொல்லுங்க. எடுத்தது நீங்கதானே?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். மீதி ஆரஞ்சுத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"ஆமாலா. நாந்தான் எடுத்தேன்."

அதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். மத்தியான வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்ததையும், கம்பத்தில் ஏறும்போது கைலி கிழிந்ததையும், ஸ்பீக்கரைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதையும், ஈயம் தோண்டின குட்டைப் பக்கம் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்து மனசாட்சியோடு பேசியதையும் அடுக்கடுக்காகச் சொன்னார். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. மனசாட்சி வந்த இடத்தில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னார்: "பாத்தியா! காலையில புடிச்சதுலேருந்து வாயே தொறக்கல. நீ வந்து எதுக்க உக்காந்த, படபடன்னு கொட்டிட்டாரு. படிப்புன்னா படிப்புதான்."

எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தியும்விட்டேன். "அண்ணே, இவர் எடுக்கல! சனிக்கிழம காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என்கூடதான் இருந்தாரு. லகாட் கோப்பிக்கடையில."

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நீ லைப்ரரிக்குப் போறேன்னியே?"

எல்லார் முன்னாலும் சொல்லவேண்டியதாகிவிட்டது. மாமா ஜெயிலுக்குப் போன கதையைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதுதான் என் கட்டுரை என்றேன். அம்மாவின் முகம் போன போக்கை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. கூட்டத்தில் யாரோ, "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கததானே, அதப் போயி ஏன் யூனிவர்சிட்டில எழுதணும்" என்றார்கள்.

தலைவர் என்னை நம்பவில்லை. "ஒறவு. காப்பாத்தப் பாக்குது பொண்ணு. தப்பில்ல" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். "மாமா, சொல்லுங்க. நேத்து எங்க இருந்தீங்க?"

அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாப்பாவுக்கு நாள் மறந்துபோச்சு. வெள்ளிக்கிழமலா அது. ரொம்பப் படிக்குது."

திருவிழாவுக்குள் புது ஸ்பீக்கர் வாங்கி வைக்கவேண்டும், இல்லையென்றால் மாத்தாவிடம் போவோம் என்று தீர்ப்பு. மாமா சரி என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினாள். கரண்டி சத்தத்திலேயே எல்லாத் திட்டும் இருந்தது.

வாரம் முடிவதற்குள் ஸ்பீக்கர் தானாக வந்தது. மோட்டோரில் பின்னால் கட்டிக்கொண்டு ஒயரிங் வேலை செய்யும் சீனர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். கரகரவென்று சத்தம் வருகிறது, திருவிழாவுக்கு முன்னால் கழற்றிக்கொண்டுபோய்ச் சரிபார்த்துக் கொடு என்று அவரிடம் சொன்னது யார் என்று கேட்டால், தலைவரேதான். சொல்லிவிட்டு மறந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வருவார் என்று நான் வாசலிலேயே காத்திருந்தேன். வந்தார். உட்கார்ந்தார். அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்தார்.

"சின்ன மறதி. அதெல்லாம் இருக்கட்டும். உங்க மாமா ஏன் ஒத்துக்கிட்டாரு? அவரு ஒத்துக்கிட்டதாலதானே இவ்வளவு கொழப்பம். எடுக்கலன்னு சொல்லவேண்டியதுதானே? அவருகிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு. நீ படிச்ச பொண்ணு."

அவர் போனபிறகு நான் கோப்பிக் குவளையைக் கழுவின விதத்தில் அதன் பிடி உடைந்தது.

லகாட்டுக்குப் போனேன். இந்தமுறை கட்டுரைக்காக இல்லை, சண்டை போட. மாமா அதே பின்மேசையில் இருந்தார். ஸ்பீக்கர் கிடைத்துவிட்டது என்றேன். "நல்லதாப்போச்சு" என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள், என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினீர்கள் என்று கேட்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழாதடா. அங்க ஒரே கொசு. காலையிலேருந்து ஒக்காரவச்சிட்டாங்க. பசியாறல. இல்லன்னு சொன்னா ராத்திரி வரைக்கும் இழுப்பாங்க. ஆமான்னா சட்டுனு முடிஞ்சிடும். முடிஞ்சிச்சா இல்லையா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் திருடினாரா என்ற கேள்வி அதற்குமுன் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வாரம் ஏன் திருடினீர்கள், ஏன் திருடினீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மேட்டிலும் எனக்கு அந்த ஒரு கேள்வியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"மாமா. அன்னைக்குக் கோர்ட்டில? அப்பவும் இப்படித்தான் ஒத்துக்கிட்டீங்களா?"

அவர் உடனே பேசவில்லை. நான் பார்த்தவரையில் ஒரு கேள்விக்கு அவர் உடனே பேசாதது அதுதான் முதல்தடவை. கரண்டியால் கோப்பியைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

"இன்னொருத்தன் இருந்தான்" என்றார். "அவனுக்குப் புள்ளைங்க. எனக்கு யாரு இருக்கா? ரெண்டு பேருல ஒருத்தன் போனா போதும்னாங்க." கொஞ்ச நேரம் வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இது நல்லாருக்குல்ல? இத எழுது பாப்பா. மத்ததெல்லாம் விட்டுடு."

எனக்கு அவரை அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் அம்மா என் பையில் இடியாப்ப மாவும் ஊறுகாயும் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேவிட்டேன்: "மாமா நெசமா எடுத்தாராம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீ அவரைக் கேட்டதே இல்லையா?"

அம்மா பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "கேட்டா அவன் ஒண்ணு சொல்லுவான். அப்புறம் அத நான் நம்பணும். நாளைக்கு வேறொண்ணு சொல்லுவான். எனக்கு வேற வேல இல்லையா? வாராவாரம் வந்து சாப்பிடுறான். அது போதும்." பிறகு, கட்டின முடிச்சை மறுபடி அவிழ்த்து, ஒரு மீன்டின்னையும் உள்ளே திணித்தாள். "அதுல என் பேரும் போட்டுடாத."

கட்டுரையை ஐந்து காரணங்களோடும், ஸ்பீக்கர் சம்பவத்தோடும், உண்மை எதுவென்று எனக்குத் தெரியவில்லை என்ற கடைசி வரியோடும் கொடுத்தேன். அம்மையார் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் தோட்டத்தை விற்றது, கூலி, கிராணி, இதெல்லாம் ஆளை மறைக்கிறது, எடுத்துவிடு என்றார். எதிர்மேட்டுக்காரர், நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த ஆள் ரொம்பக் குறுக்கே வருகிறார், தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுது என்றார். தெரியவில்லை என்ற வரியை இரண்டு பேருமே அடித்திருந்தார்கள், ஒருவர் பச்சை மையில், ஒருவர் சிவப்பில். கட்டுரையில் அந்த ஒரு இடத்தில்தான் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள். நான் எதையும் எடுக்கவில்லை. பொறுமை தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் நடுத்தரமான மதிப்பெண் போட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டம் வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் ரயிலில் வந்தார்கள். அழைக்காமலே மாமாவும் வந்தார், யாரிடமோ இரவல் வாங்கின கோட்டும், நெஞ்சுவரைக்கும் மட்டுமே எட்டின ஒரு டையும் போட்டுக்கொண்டு. விழா முடிந்து புல்வெளியில் எல்லாரும் படமெடுத்துக்கொண்டிருந்தபோது என் விரிவுரையாளர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அவர்களை அருகருகே பார்த்தது அன்றைக்குத்தான். நான் அப்பாவை, அம்மாவை அறிமுகம் செய்தேன். "இது என் மாமா" என்று மலாயில் சொன்னேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

குற்றவியல்காரரின் புருவம் உயர்ந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, கட்டுரையில் என் மாமா என்று எழுதியிருந்தேன், ஒட்டுப்பாலும் ஸ்பீக்கரும் அவர் நினைவில் இருந்தன. மரியாதையாக, குரலைத் தாழ்த்தி, பெரியவர்களை மலாயில் அழைக்கும் முறையில், "பக்சிக், அந்தக் கட்டுரையில் வருகிறவர் நீங்கள்தானா?" என்று கேட்டார்.

அம்மா என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாமா டையைத் தடவிவிட்டுக்கொண்டார். அவருக்குத் தோட்டத்து மலாய்தான் வரும். ஆனால் அன்றைக்கு மிக நிதானமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் பேசினார்.

"இல்லைங்க துவான். அது என் தம்பி. பாவம். நல்ல பையன், நேரந்தான் சரியில்ல. நான் சிங்கப்பூர்ல கப்பல் வேலையில இருந்துட்டேன். பக்கத்துல இருந்திருந்தா அவனை அப்படிப் போகவிட்டிருக்க மாட்டேன்."

மாமாவுக்குத் தம்பி கிடையாது. கூடப்பிறந்தது என் அம்மா ஒருத்திதான். அம்மையார் நெகிழ்ந்துபோய் மாமாவின் கையைத் தொட்டு, குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். குற்றவியல்காரர், உங்களைப்போல வெளியே போகிற வாய்ப்பு அவருக்கும் கிடைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ஆமாம், ஆமாம் என்று தலையசைத்துக்கொண்டார்கள். மாமாவும் கூடவே தலையசைத்தார். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

படமெடுப்பவர் எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். மாமா எனக்கும் அம்மையாருக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டார். அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் வாயைத் திறந்துகொண்டு அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன திட்டினேன் என்று இப்போது நினைவில்லை.